பனி இல்லாத சரிவு

ஜார்ஜ்டவுன்
11 ஜூன் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் நின்று, "இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே" என்று சொன்னாய். ஐந்து மாதம் போடவில்லை. இப்போதும் ஓர் அலுவலகக் காரியமாகத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். படிக்க உனக்கும் எளிதாக இருக்கும். தபாலில் போட்டால் எத்தனை பேர் பிரித்துப் படிப்பார்களோ! அதனால் ஷேக் அலாவுதீன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வாரா வாரம் வெற்றிலைக் கட்டுகளோடு நிபோங் திபால் வருகிறவர், உங்கள் தோட்டத்துக்கும் வந்து போவதாகச் சொன்னார்.

எங்கள் வரைபட அலுவலகத்தின் தலைவர் பெயர் ஹிராயாமா. ஜப்பானியர்தான், ஆனால் சிப்பாய் அல்லர், நில அளவைக்காரர். வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊரில் பிறந்தவர். இரண்டு நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து வழுக்கி இறங்குவது அவர்கள் ஊர் விளையாட்டு. அது இல்லாமல் இரண்டு குளிர்காலம் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். இங்கே ஏது குளிர்காலம் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. காய்ந்த லாலான் புல்லிலும் வழுக்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். கார்னர்வன் தெருவில் சவப்பெட்டி செய்யும் சீனத் தச்சர் ஒருவர் பலகைகளைச் செய்து கொடுத்திருக்கிறார். முனையை ஆவியில் வளைத்து, அடியில் மெழுகு தேய்த்திருக்கிறார். பார்க்க அழகாகவே இருக்கின்றன.

முந்தாநாள் என்னை அழைத்து, காலையில் காரில் புறப்பட்டு மாலை கடைசிப் படகுக்குள் திரும்பிவிடும் தூரத்தில் சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிக்கை கொடுக்கச் சொன்னார். "சுலபமானது வேண்டாம். சுலபமானதற்கு நான் படிக்கட்டிலேயே இறங்குவேன்" என்றார். எப்படித் தேர்வது என்றும் சொல்லித்தந்தார். தொடங்கும் இடத்தைப் பார்க்கக் கூடாதாம். நிற்கப்போகும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

நான் பனியைக் கதைப் புத்தகங்களில் மட்டும் கண்டவள். இருந்தாலும் இரண்டு நாளாக உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வரைபடங்களின் மேல் குனிந்திருக்கிறேன். உயரக் கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகினால் சமம். தீவில் கார் போகும் மலைகளிலெல்லாம் மரம் அடர்ந்திருக்கிறது. தண்ணீர்மலைச் சரிவை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. கேட்டால் பாறை என்று சொல்லிக்கொள்ளலாம். புக்கிட் மெர்தாஜாமிலும் காடு. மிஞ்சுவது உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் குன்று. போருக்கு முன்பு மறுநடவுக்காக மரங்களை வெட்டி, நடாமலே விட்டு, இப்போது லாலான் மூடியிருக்கிறது என்று நீதான் ஒருமுறை சொன்னாய்.

கல் உண்டா? புல் காய்ந்துவிட்டதா? கீழே எங்கே போய் முடிகிறது? அத்தானிடம் கேட்டு நாலு வரி எழுதியனுப்பு. அப்பா நலம்.

உன் தங்கை
அருந்ததி


17 ஜூன்

அருந்ததி,

உன் அலுவலகக் கடிதம் வந்தது. ஒருவன் விழுந்து விளையாட இடம் தேடுகிறாய் நீ. இங்கே ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சயாமுக்கு ரயில் பாதை போட மார்ச்சில் நம் தோட்டத்திலிருந்து முப்பது பேரைக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் என்றார்கள். மூன்று மாதம் போய்விட்டது, ஓர் ஆள் திரும்பவில்லை. அவர்களுக்கு மருந்து கொடுக்கக் கூடப் போன பக்கத்துத் தோட்டத்து டிரசர் ஐந்தாம் வாரமே வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார். அடுத்த கூட்டம் ஜூலை பன்னிரண்டாம் தேதி புறப்படுகிறது. நாற்பத்திரண்டு தொழிலாளர், ஒரு டிரசர். அந்த டிரசர் உன் அத்தான். இந்த வருடம் மட்டும் இரண்டு முறை மலேரியாவில் படுத்தெழும்பிய மனிதர். பெயர் எழுதி ஒட்டியாகிவிட்டது.

இதை உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அவர்கள் மேசையில் இருந்துகொண்டு நீயும் இந்தப் பட்டியலைப் பார்த்திருப்பாய் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்தால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிகிறது. எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவரிடம் படித்துக் காட்டினேன். "சறுக்கவோ? புல்லிலயோ?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்துப் பத்து நாள் இருக்கும். அதற்காக மட்டும் உனக்கு நன்றி.

கமலாம்பிகை

மறுநாள் காலை: கடிதத்தை ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. அந்த ஆளை இங்கேயே கூட்டி வா. குன்றின் நடுவில் பழைய துரை வெட்டிய வடிகால் பள்ளம் ஒன்று குறுக்கே ஓடுகிறது. லாலான் அதை முழுக்க மூடிவிட்டது, மேலே நின்றால் தெரியாது. அவன் அதில் விழுந்து காலோ கையோ உடைந்தால், பதினைந்து மைலுக்குள் எலும்பு வைத்துக் கட்டத் தெரிந்தவர் உன் அத்தான் ஒருவர்தான். தன் காலைக் கட்டியவரை எந்த மனிதனாவது சயாமுக்கு அனுப்புவானா? மற்றதெல்லாம் எழுது. பள்ளத்தை மட்டும் எழுதாதே.


22 ஜூன்

அன்புள்ள அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எங்கள் மேசைக்கு வருவது ஊர்களும் ஆறுகளும் மட்டும்தான், ஆட்களின் பெயர்கள் வருவதில்லை. ஆனால் இந்த மாதம் இரண்டு முறை சயாம் எல்லை வரைபடங்களைப் பிரதி எடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று உன் கடிதம் வந்த அன்றுதான் கண்டேன்.

நேரே போய் ஹிராயாமாவிடம் கேட்டேன். அக்காவின் கணவர், உடல்நிலை சரியில்லாதவர், பட்டியலிலிருந்து எடுக்க முடியுமா என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அது என் துறை அல்ல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "உடல்நிலை சரியில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். நடக்க முடியாதவனை மட்டும்தான் விடுவார்கள்" என்றார். அத்தோடு முடிந்தது.

பள்ளத்தைப் பற்றி. அறிக்கைக்குப் பத்திகள் போட்டுவிட்டேன். தூரம், பாதை, படகு நேரம், சரிவு, முடியும் இடம், ஆபத்துகள். கடைசிப் பத்தி வெறுமையாக இருக்கிறது. மூன்று மாலைகளாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கால் உடையும் என்று நீ எழுதுகிறாய். கழுத்து உடைந்தால்? உங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்றையாவது சிப்பாய்கள் விட்டுவைப்பார்களா? இது பயத்தில் சொல்லும் காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மனிதர் தினமும் என்னோடு ஒரே பானையில் தேநீர் குடிக்கிறார். சர்க்கரை இல்லாத நாட்களில், "பனி உருகிய தண்ணீர் இதைவிட இனிக்கும்" என்பார். அவருடைய எலும்பை நான் வரைபடத்தில் தேடுகிறேன். அத்தானுக்காகத்தான். ஆனாலும் தேடுகிறேன்.

என்னைக் கோழை என்று நினைப்பாய். நினைத்துக்கொள். இரண்டு நாள் பொறு.

அருந்ததி


26 ஜூன்

அருந்ததி,

இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறாய். எனக்கு இருப்பது பதினாறு நாள்.

உன் அத்தான் ஞாயிறு முழுவதும் குன்றில்தான் இருந்தார். மட்டம் பார்க்க மருந்துப் போத்தலில் பாதி தண்ணீர் ஊற்றி, கயிறு கட்டி, சரிவை அளந்தார். உச்சியிலிருந்து பள்ளம் வரை நூற்றெண்பது அடி. பள்ளத்தின் அகலம் எட்டடி, ஆழம் ஐந்தடி. பள்ளம் தாண்டினால் இன்னும் நூறடி, பிறகு சமதரை, ஆஸ்பத்திரிக் கொட்டகை. கல் கிடையாது. புல் நன்றாகக் காய்ந்து தங்க நிறமாக இருக்கிறது. மூன்று முறை ஏறி இறங்கினார். இறங்கும்போது இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தார்.

நான் சொன்ன யோசனையை அவரிடம் சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? "பள்ளத்தையும் எழுதச் சொல்லும். மறைச்சுப்போட்டு, பிறகு நான் எந்த முகத்தோட அவன்ர காலைக் கட்டுறது?"

"உங்கட முகத்தைப் பார்க்க நீங்கள் இருக்க வேணுமே!" என்று கத்தினேன். லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் எழுந்து போய்ப் போத்தலைக் கழுவினார்.

அவர் சொன்னதையும் எழுதிவிட்டேன். நான் சொல்வது வேறு. எழுதாதே. நீ அவருக்கு மைத்துனி. எனக்குத் தங்கை.

உன் வேலையால் வரும் அரிசியில்தான் அப்பா சாப்பிடுகிறார் என்று ஷேக் அலாவுதீன் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். "தங்கச்சி அரைவயிறுதான் அக்கா, சொல்லாதேன்னு சொல்லிச்சு, நா சொல்லிட்டேன்லா" என்றார். தைப்பூசத்தன்று, ஜப்பான்காரனிடம் வேலை செய்கிறாயே என்று நான் அவ்வளவு பேசியபோது இதை ஏன் சொல்லவில்லை? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?

கமலாம்பிகை


29 ஜூன்

அன்புள்ள அக்கா,

எழுதிவிட்டேன். "நடுவே புல்லால் மறைந்த பள்ளம், அகலம் எட்டடி, ஆழம் ஐந்தடி, மேலிருந்து தெரியாது, மிக ஆபத்தானது." சிவப்பு மையால் கோடும் போட்டேன். உன் முகம் என் முன்னால் இருந்தது. ஆனாலும் எழுதினேன். இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன்.

அறிக்கையில் இரண்டு இடங்களைக் கொடுத்திருந்தேன். பள்ளமில்லாத, புல் குறைந்த மேடு ஒன்று சுங்கை பாக்காப் பக்கம் இருக்கிறது. ஹிராயாமா அதை எடுத்துக்கொள்வார், உங்கள் பக்கமே வராமல் போவார் என்று நினைத்தேன். அப்படிப் போனால் நானும் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடுவேன் என்றும் நினைத்தேன்.

அவர் பள்ளத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். "எட்டடி! சரியாக எட்டுதானா? யார் அளந்தது?" என்று கேட்டார். அத்தானின் பெயரைச் சொன்னேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அக்கா. அவர் ஊரில் ஓடை ஒன்றைத் தாண்டுவார்களாம், ஏறக்குறைய அதே அகலமாம். "இதுதான். இதை அல்லவா முதலில் போட்டிருக்க வேண்டும்?" என்றார்.

ஆபத்து என்று எழுதினால் விலகிப் போவார்கள் என்பது நம் வீட்டுப் பழக்கம். ஈரத்தரை என்று அப்பா பலகை வைத்தால் நாம் சுற்றிக்கொண்டு போவோம். அந்தப் பலகையைப் பார்த்து ஓடி வருகிற மனிதர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு, ஜூலை நாலாம் தேதி. முதல் படகில் கார் ஏறுகிறது. மொழிபெயர்க்க நானும் வருகிறேன். அத்தானை அன்று கொட்டகையிலேயே இருக்கச் சொல். எப்படியும் ஒருமுறை அவர்கள் இருவரையும் நேருக்கு நேர் பேச வைக்கிறேன்.

அருந்ததி


5 ஜூலை

அன்புள்ள அக்கா,

நேற்று நீ வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவர்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அத்தானிடம் சொல்லியனுப்பினாய். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நாம் இருவரும் பேசும் நிலையில் இல்லை. அதனால் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

பத்து மணிக்கு ஹிராயாமா பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். தோட்டமே கீழே கூடிவிட்டது. "ஏன்லா, இவனுக்குக் காலால எறங்கத் தெரியாதா?" என்று பால்மரம் வெட்டும் சின்னையா கேட்க, அவர் மனைவி ஜெயலெட்சுமி, "எங்க ஆட்டுக்குட்டியுந்தான் இப்படி எறங்குது. அது கெரெத்தாவப் படகுல ஏத்திக்கிட்டா வந்துச்சு?" என்றாள். ஹிராயாமா என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்றார். வாழ்த்துகிறார்கள் என்றேன். சின்னையாவின் பெயரும் அந்த நாற்பத்திரண்டில் இருக்கிறது என்று அத்தான் என் காதில் சொன்னார்.

முதல் முறை மெதுவாக இறங்கி, பள்ளத்துக்கு முன்பே நின்று, ஓரத்தை மிதித்துப் பார்த்தார். இரண்டாம் முறை உச்சியிலிருந்து புறப்பட்டார். புல் சரசரவென்று கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பள்ளத்தருகே முழங்காலை மடக்கிக் குனிந்தார். அடுத்த கணம் ஆள் அந்தப் பக்கம். கூட்டம் தன்னையறியாமல் கை தட்டியது. நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவர் வியர்வையும் புல்லுமாக வந்து, "வேறு யாராவது?" என்று விளையாட்டாகக் கேட்டார். மொழிபெயர்த்தேன். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அத்தான் மட்டும், "நான் வாறன்" என்றார்.

"வேண்டாம் அத்தான்" என்றேன்.

"சின்ன வயதில கமுகம் பாளையில இருந்து எத்தனை சறுக்கியிருக்கிறன். இதைப் பிடியும் பிள்ளை" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். பிறகு சின்னையாவைக் கூப்பிட்டு, ஹிராயாமாவுக்காகத் தயாராக வைத்திருந்த கட்டுப் பட்டிகளையும் இரண்டு மரச் சட்டங்களையும் கொட்டகை வாசலிலிருந்து பள்ளத்தருகே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மேலே ஹிராயாமா தானே குனிந்து வாரைக் கட்டிவிட்டார். தாண்டும்போது முழங்காலை மடக்க வேண்டும், விறைத்து நின்றால் கால் முறியும் என்று சொன்னார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். அத்தான், "ஓம், விளங்குது" என்றார். இரண்டு முறை சொன்னார்.

நேராகத்தான் போனார், அக்கா. கோணவில்லை, தடுமாறவில்லை. மூன்று முறை ஏறி இறங்கி அளந்தவருக்குப் பள்ளம் எங்கே என்று தெரியாமல் இருக்காது. சிப்பாய் நிற்பதுபோல விறைத்து நின்றுகொண்டே அதற்குள் போனார்.

எலும்பு முறிந்த சத்தம் மேலே வரை கேட்டது. நாங்கள் ஓடிப்போனபோது அவர் நினைவோடுதான் இருந்தார். சின்னையாவுக்கு, "இழு, இன்னும் இழு, இப்ப சட்டத்தை வை" என்று தன் காலைக் கட்டத் தானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பட்டர்வொர்த்தில் படகுக்குக் காத்திருந்தபோது, ஹிராயாமா முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "அவர் முழங்காலை மடக்கவில்லை" என்றார். சரியாக மொழிபெயர்த்தாயா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படகு வந்த பிறகு, "என் அலுவலகப் பணியில் இருந்தபோது காயமடைந்தார் என்று எழுதித் தருகிறேன். காலையில் தட்டச்சு செய்" என்றார்.

இன்று காலை செய்தேன். முத்திரையும் வைத்தாயிற்று. இதோடு வருகிறது. தோட்ட அதிகாரியிடம் உடனே கொடு. நடக்க முடியாதவர் என்று எழுதியிருக்கிறது. அது பொய்யும் அல்ல.

மூக்குக்கண்ணாடி என் கைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது. அலாவுதீன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பத்திரமாக வாங்கிக்கொள். நீ நிம்மதியாக இருக்கிறாயா என்று ஒரு வரி எழுது.

அருந்ததி


15 ஜூலை

அன்புள்ள அருந்ததி,

கடிதத்தைக் கொடுத்தேன். ராணுவ டாக்டர் ஒருவர் வந்து காலைத் தட்டிப் பார்த்து, உன் அத்தான் கத்தியதைக் கேட்டு, பட்டியலில் பெயரை அடித்தார். வேறு டிரசர் கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு பேரும் மருந்துக்கு ஆள் இல்லாமலே திங்கட்கிழமை லாரியில் ஏறினார்கள்.

அதற்கு முந்திய வாரம் இந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காலை நீட்டி வைத்துக்கொண்டு, ஐந்தைந்து பேராகக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார். தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது, எவ்வளவு நேரம், பேதி கண்டவனுக்கு உப்பு எவ்வளவு, வெல்லம் எவ்வளவு. இருந்த குயினைன் முழுவதையும் பொட்டலம் கட்டி ஆளுக்கு ஆறு மாத்திரை கொடுத்துவிட்டார். எங்களுக்கென்று ஒன்றுகூட வைக்கவில்லை. சின்னையாவுக்கு மட்டும் இரண்டு பொட்டலம். "நீ இப்ப எலும்பு கட்டத் தெரிஞ்சவன், நீதான் டிரசர்" என்றார். சின்னையா சிரித்துக்கொண்டு, "அப்ப என்னையும் ஐயான்னு கூப்புடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நான் கேட்டேன். நீயும் நானும் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அப்படியே, "அவன்ர கால் எண்டால் பள்ளத்தை மறைக்க வேணும். இது என்ர கால்தானே" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. லாரி புறப்பட்ட சத்தம் கேட்டபோது முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டார். நாள் முழுக்க எடுக்கவில்லை.

கால் கோணலாகத்தான் கூடும் என்கிறார். கம்பு இல்லாமல் இனி நடக்க முடியாது.

ஜெயலெட்சுமி காலையில் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். "ஐயாவுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்கிறாள். ஒருநாளாவது, உன் புருஷன் மட்டும் வீட்டில் இருக்கிறானே என்று என்னைத் திட்டிவிட்டுப் போனால் தேவலை. அவள் திட்டுவதில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகிறாள். அவள் முன்னால் நான் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, துக்கமாக இருக்கிறவள் போல இருக்கிறேன். துக்கம் இருக்கிறதுதான். அது பொய் இல்லை.

ஆனால் நீ கேட்டாயே, நிம்மதியாக இருக்கிறாயா என்று. அவள் படி இறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, அவர் கட்டிலில் கிடப்பதைப் பார்க்கிறேன். மூச்சு விடுவதைப் பார்க்கிறேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன், அருந்ததி. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடுகளின் நடுவில் இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை. அவரிடமும் முடியாது. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

படித்ததும் கிழித்துவிடு. அடுத்த வாரம் அலாவுதீன் அண்ணனிடம் கொஞ்சம் கிழங்குமாவு தருகிறேன், அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு நீயும் சாப்பிடு.

உன் அக்கா
கமலாம்பிகை